விமானியின் தூக்கம்: ஒரு விதிமுறையின் கதை

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது சேந்தமங்கலம். இந்தப் பக்கத்தில் லாரியோடு சம்பந்தமே இல்லாத குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம்தான். அப்பா டிரைவர், மாமாவுக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை, பக்கத்து வீட்டுக்காரர் லாரி ஃபைனான்ஸ் என்று ஏதாவது ஒரு நூல் ஓடும். அதனால் 'டபுள் டிரைவர்' என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பின்னால் படுத்துக்கொள்வார். ஒரே டிரைவரை வைத்து ஓட்டினால் வண்டிக்காரருக்கு ஒரு சம்பளம் மிச்சம். தூக்கம்தான் அந்த மிச்சத்தின் விலை.

லாரிக்காரர்கள் பேச்சில் 'நடை' என்று ஒரு சொல் உண்டு. ஒரு ட்ரிப் என்று அர்த்தம். நல்ல நடை என்றால் இறக்கின ஊரிலேயே திரும்பி வர லோடு கிடைக்கும், நடுவில் ஒரு ராத்திரியாவது முழுசாகப் படுக்கலாம், பேட்டா கையில் நிற்கும். கெட்ட நடை என்றால் லோடுக்காக மூன்று நாள் காத்துக்கிடந்துவிட்டு, அந்த மூன்று நாளையும் ரோட்டில் விரட்டிப் பிடிக்கச் சொல்வார்கள். இரண்டுக்கும் கிலோமீட்டர் ஒன்றேதான். டிரைவருடைய உடம்புக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது! 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சின்ன முதலாளிகள் நிறைந்த ஊரில் அந்தச் சட்டம் யாரைத் தொட்டிருக்கும்? 2025 நவம்பர் 21 முதல் அதுவும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது.

விமானிகளைப் பற்றிய கட்டுரையில் லாரி எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. 2025 டிசம்பரில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது, விமான நிலையங்களில் பெட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் படங்களைத்தான் எல்லோரும் பார்த்தோம். அந்தக் குழப்பத்தின் வேர், டபுள் டிரைவர் போடலாமா வேண்டாமா என்ற அதே பழைய கேள்விதான். விமானிக்கு எத்தனை மணி நேரம் வேலை கொடுக்கலாம், எந்த நேரத்தில் கொடுக்கலாம், அதை யார் முடிவு செய்வது? இந்தியாவில் இந்தச் சண்டைக்கு வயது முப்பதுக்கு மேல்.

நம் பக்கத்துக்கு விமானம் என்பது வந்து வந்து நின்றுபோகிற பொருள். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்துக்கு 1993-ல் சென்னையின் என்.இ.பி.சி. நிறுவனம் விமானம் விட்டது, நின்றது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, அதுவும் நின்றது. 2018-ல் ட்ரூஜெட். பிறகு சில வருட வெறுமை. 2023 அக்டோபரில்தான் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. ஒவ்வொரு முறை நின்றபோதும் கம்பெனி நஷ்டம், ஆள் ஏறவில்லை என்று காரணம் பேசினார்கள். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

சரி, அந்த இரண்டு பேருடைய வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

விமானிக்கு மாதாமாதம் 'ரோஸ்டர்' என்று ஒரு அட்டவணை வரும். எந்த நாள் எந்த ஊர், எத்தனை 'செக்டார்' (ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கினால் ஒரு செக்டார்), எந்த ராத்திரி வெளியூர் ஹோட்டல், எந்த நாள் 'ஸ்டாண்ட்பை' எல்லாம் அதில் இருக்கும். ஸ்டாண்ட்பை என்றால் பறக்கவும் இல்லை, ஓய்வும் இல்லை. போன் அடித்தால் கிளம்பவேண்டும். இதைத் தவிர, இன்னொரு ஊரில் விமானம் எடுப்பதற்காகப் பயணி மாதிரி உட்கார்ந்து போவதும் உண்டு. அமெரிக்காவில் சீனியாரிட்டிப்படி விமானிகளே தங்களுக்கு வேண்டிய ட்ரிப்களைக் கேட்டு வாங்கும் வழக்கம் ரொம்ப காலமாக இருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலும் கம்பெனியின் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுப்பதுதான் ரோஸ்டர்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே குறிக்கோள்: குறைந்த விமானிகளை வைத்து நிறைய விமானங்களை ஓட்டுவது. சட்டம் பத்து மணி நேரம் வரை அனுமதித்தால் அது ஒன்பதே முக்கால் மணிக்கு அட்டவணை போடும். வரம்பு என்று எழுதியது இலக்காக மாறிவிடும். அதனால்தான் விதிமுறையில் ஒரு எண்ணை மாற்றினால்கூட கம்பெனிக்கு நூற்றுக்கணக்கில் புது விமானிகள் தேவைப்படுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கதை எல்லாம் புரிந்துவிடும்.

ஆரம்ப காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு தபால் பையோடு ஒற்றை இன்ஜின் விமானத்தில் பறந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். இருட்டில் வழிகாட்டும் கருவிகள் எதுவும் இல்லாததால் பகலில் மட்டும்தான் பறப்பு. ராத்திரி ஆனால் விமானியும் தூங்குவார், விமானமும் தூங்கும். 1949 ஜனவரியில் இரவுத் தபால் சேவை தொடங்கியபோது அந்த ஒழுங்கு மாறியது. சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா நான்கிலிருந்தும் டகோட்டா விமானங்கள் கிளம்பி நடுராத்திரியில் நாக்பூரில் கூடும். பைகளை மாற்றிக்கொண்டு விடியும்போது அவரவர் ஊர் திரும்பும். ஊரெல்லாம் தூங்கும்போது பறப்பது அன்றிலிருந்து இந்திய விமானிகளுக்கு ஒரு வழக்கமான வேலை.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி அதற்கும் முன்பே கிளம்பிவிட்டது. விமானிகள் 1931-ல் சங்கம் கட்டினார்கள். 1934-ல் அங்கிருந்த தேசியத் தொழிலாளர் வாரியம், மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் ஒரு விமானியைப் பறக்கவிடக்கூடாது என்று தீர்ப்பு சொன்னது. பெரிய வெற்றிதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் வழியாகவே ஒரு பழக்கமும் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. விமானியின் களைப்பை மணிக்கணக்கால் அளப்பது! பகல் எட்டு மணி நேரமும் ராத்திரி எட்டு மணி நேரமும் காகிதத்தில் ஒன்றுதான். உடம்பு அப்படிக் கணக்கு போடுவதில்லை என்பது லாரி டிரைவருக்கு எப்போதோ தெரியும். விஞ்ஞானிகள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்பது அதன் சாரம். இந்தியாவில் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 0.03. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனித உடம்பில் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை ஒரு பள்ளம். உடல் வெப்பம் குறையும், கவனம் மங்கும், பகலில் எவ்வளவு தூங்கியிருந்தாலும் கண் சொருகும். கிருஷ்ணகிரி, தொப்பூர் பக்கம் விடியற்காலையில் நடக்கும் லாரி விபத்துகளைச் செய்தித்தாளில் படிக்கும் யாருக்கும் இதற்குத் தனியாக ஆதாரம் தேவைப்படாது.

இந்தியாவின் கதை 1990-களில் சூடு பிடிக்கிறது. 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானம் பெங்களூரில் ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். விமானம் புத்தம் புதுசு, கம்ப்யூட்டர்மயமான வகை. இந்தியாவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஓட்டியவரும் ஒரு கேப்டன், பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தவரும் ஒரு கேப்டன். இருவருக்கும் அந்த விமானம் எந்த நிலையில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது கடைசி விநாடிகள் வரை உறைக்கவில்லை. களைப்பு இதில் காரணம் இல்லை, பயிற்சி பற்றிய கேள்வி இது. அரசாங்கம் மீதி ஏ320-களைப் பல மாதங்கள் தரையில் நிறுத்தி வைத்தது.

1992-ல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) விமானிகளின் பணி நேரம் பற்றி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதே வருட டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? உஸ்பெகிஸ்தானிலிருந்து விமானத்தையும் ஆட்களையும் சேர்த்து வாடகைக்கு எடுத்தது. அப்படி வந்த ஒரு டுபோலெவ் 154, 1993 ஜனவரி 9 அன்று ஹைதராபாத்திலிருந்து டெல்லி வந்து, பனிமூட்டத்தில் இறங்கும்போது உடைந்து கவிழ்ந்து எரிந்தது. உள்ளே இருந்த 165 பேரும் உயிர் தப்பியது அதிசயம். அமைச்சர் மாதவராவ் சிந்தியா பொறுப்பேற்றுப் பதவி விலகினார். (இந்தக் காலத்தில் இப்படி ஒரு வாக்கியத்தைப் படிக்கவே விநோதமாக இருக்கிறது.)

அதற்குப் பிறகு தனியார் விமானங்கள் வந்தன. மலிவு விலை டிக்கெட் வந்தது. 2003-ல் ஏர் டெக்கான், 2006-ல் இண்டிகோ. விமானங்கள் பெருகிய வேகத்துக்கு கேப்டன்கள் பெருகவில்லை. ஒரு கேப்டன் உருவாகப் பல வருஷம் ஆகும், விமானத்தை ஆர்டர் கொடுத்தால் போதும். இந்த இடைவெளியை நிரப்ப வெளிநாட்டு கேப்டன்களை அழைத்து வந்தார்கள். இருக்கிறவர்களின் ரோஸ்டரையும் இறுக்கினார்கள்.

டி.ஜி.சி.ஏ.வுக்கு விஷயம் புரியாமல் இல்லை. 2007 ஜூலையில் புதிய பணி நேர விதிமுறையை வெளியிட்டது. விமானிகள் வரவேற்றார்கள். நிறுவனங்கள் எதிர்த்தன, இத்தனை விமானிகளுக்கு எங்கே போவது என்றன. 2008 மே மாத இறுதியில் அந்த விதிமுறை 'நிறுத்தி வைக்கப்பட்டது'. பதினாறு வருடப் பழைய 1992 சுற்றறிக்கை மறுபடி உயிர் பெற்றது. விமானிகள் சங்கங்களின் கூட்டுக் குழு மும்பை உயர் நீதிமன்றம் போனது, தோற்றது. உச்ச நீதிமன்றம் போனது. 2011-ல் அங்கேயும் தோற்றது. நிறுத்தி வைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதுதான் முடிவு.

ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு முன்பே மங்களூர் நடந்துவிட்டது.

2010 மே 21 இரவு 9.35-க்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று மங்களூரிலிருந்து துபாய் கிளம்பியது. அங்கே இறங்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு, நம் நேரப்படி அதிகாலை 2.36-க்கு அதே விமானிகளோடு திரும்பியது. அதாவது திரும்பும் பயணம் ஏறக்குறைய முழுவதும் அந்த இரண்டு முதல் ஆறு மணிப் பள்ளத்துக்குள் விழுகிறது. கேப்டன் வெளிநாட்டவர், பத்தாயிரம் மணி நேரத்துக்கும் மேல் பறந்த அனுபவசாலி. விடுமுறை முடிந்து அண்மையில்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். விமானி அறையின் ஒலிப்பதிவுக் கருவியில் இருந்த இரண்டு மணி நேரப் பதிவில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சத்தம் பதிவாகியிருந்தது. மங்களூர் ரேடார் அன்று வேலை செய்யாததால் கீழே இறங்க அனுமதி கிடைப்பதும் தாமதமானது. விழித்தெழுந்த கேப்டன், விமானம் தேவையான உயரத்தைவிட ரொம்ப மேலே இருப்பதைக் கண்டு, வேகமாகக் கீழே கொண்டுவந்தார். துணை விமானி மூன்று முறை மறுபடி மேலே ஏறிவிடச் சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 8,000 அடி நீள ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. மங்களூர் மலை உச்சியைச் சமப்படுத்திப் போட்ட ஓடுபாதை, அதற்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. காலை 6.05. ஏறியிருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள்.

ஏர் மார்ஷல் கோகலே தலைமையிலான விசாரணைக் குழு, தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை முழுசாக வேலை செய்யாத நிலையையும் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. நடுராத்திரியில் எழுப்பி ஒரு கணக்கு கேட்டால் திருதிருவென்று விழிப்போமே, அதேதான்.

இந்த விபத்தில் எல்லோரும் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. போக 3 மணி 39 நிமிஷம், வர 3 மணி 29 நிமிஷம். மொத்தம் ஏழு மணி சொச்சம். காகிதத்தில் எந்தத் தப்பும் இல்லை. கேப்டன் ஓய்வில்லாமல் வாட்டப்பட்டவரும் இல்லை, விடுமுறையிலிருந்து வந்தவர். அப்படி இருந்தும் தூங்கிவிட்டார் என்றால், மணிக்கணக்கை மட்டும் எண்ணுகிற விதிமுறையால் இதைப் பிடிக்கவே முடியாது என்று அர்த்தம். எத்தனை மணி நேரம் என்பதைப் போலவே எந்த மணி நேரம் என்பதையும் கேட்டாகவேண்டும்.

2011 ஆகஸ்டில் டி.ஜி.சி.ஏ. புதிய விதிமுறை கொண்டுவந்தது. வாரத்துக்குத் தொடர்ந்து 36 மணி நேர ஓய்வு, வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறப்பு கூடாது, அதிகாலைப் பள்ளத்தில் வேலை வந்தால் பணி நேரம் குறையும் என்று பல நல்ல விஷயங்கள் அதில் இருந்தன. நீதிமன்றத்தில் தோற்றதை ஒரு விபத்துக்குப் பிறகு விமானிகள் அடைந்தார்கள் என்று சொல்லலாம். அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு வேறு விமானங்களில் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். 2014 ஜனவரியில் அங்கே புதிய ஓய்வு விதிகள் அமலுக்கு வந்தன.

இங்கே கொஞ்சம் பயிற்சி பக்கம் திரும்பவேண்டும். ரோஸ்டருக்கு அடுத்தபடி விமானிகள் மல்லுக்கு நின்றது இதற்காகத்தான்.

லாரி லைசென்ஸ் இருந்தால் அசோக் லேலண்டும் ஓட்டலாம், டாடாவும் ஓட்டலாம். விமானம் அப்படி இல்லை. ஒவ்வொரு வகைக்கும் தனியாக 'டைப் ரேட்டிங்' வேண்டும். அதற்கு சிமுலேட்டரில் வாரக்கணக்கில் பயிற்சி. பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் பரீட்சை, வேலையில் இருக்கும்வரை! எந்த விமானத்தில் பயிற்சி கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சம்பளம், பதவி உயர்வு, எந்த ஊர்களுக்குப் போவது எல்லாம். பெரிய விமானம் என்றால் வெளிநாடு, அங்கே ஒன்றிரண்டு நாள் தங்கல். சின்ன விமானம் என்றால் ஒரே நாளில் நாலு ஊர்.

2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் அரசு ஒன்றாக இணைத்தது. இரண்டு கம்பெனி, இரண்டு சம்பள முறை, இரண்டு சீனியாரிட்டி பட்டியல், இரண்டு சங்கம். இணைப்பு காகிதத்தில் ஒரே நாளில் முடிந்தது. 2011 ஏப்ரல், மே மாதங்களில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம்பளச் சமத்துவம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த வருடம் எதிர்ப்பக்கம். ஏர் இந்தியா 2006-ல் 27 ட்ரீம்லைனர் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. அவை வரப்போகிற நேரத்தில், பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் அதில் பயிற்சி கொடுப்பதென்று நிர்வாகம் முடிவு செய்தது. எங்கள் கம்பெனி ஆர்டர் கொடுத்த விமானம், எங்கள் பதவி உயர்வு பின்னால் போகும் என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் கொதித்தார்கள். 2012 மே மாதம் ஒருவர் பின் ஒருவராக 'உடம்பு சரியில்லை' என்று லீவு போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. நூறு பேருக்கு மேல் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள், சங்கத்தின் அங்கீகாரம் போனது. ஜூலை 3-ல் வேலைநிறுத்தம் முடிந்தபோது 58 நாட்கள் ஆகியிருந்தன. செப்டம்பரில் முதல் ட்ரீம்லைனர் டெல்லியில் வந்து இறங்கியது.

இந்தச் சண்டையில் விமானிகள் பக்கம் முழு நியாயம் இருந்தது என்று சொல்ல முடியாது. சக விமானிக்குப் பயிற்சி கொடுக்காதே என்பது பாதுகாப்புக்கான கோரிக்கை இல்லை, வரிசையில் இடம் பிடிக்கும் சண்டை. களைப்பைப் பற்றிப் பேசும்போதும் விமானிகளை நாடு சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இது ஒரு காரணம் என்று தோன்றுகிறது. லட்சங்களில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன குறை என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. அந்தச் சம்பளத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. விமானியாகப் பயிற்சி பெற இன்றைக்கு ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய் வரை ஆகிறது. பெரும்பாலும் கடன்தான். வேலை பிடிக்காமல் போனால் உடனே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. 2005-ல் விமானிகளுக்கு ஆறு மாத நோட்டீஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2017-ல் கேப்டன்களுக்கு அது ஒரு வருடமானது. ஒரு வருட நோட்டீஸ் கேட்கிற வேலைகள் நாட்டில் எத்தனை இருக்கும்? வேலைநிறுத்தமும் முடியாது, விலகவும் முடியாது. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் விமானிகளும் மொத்தமாக 'உடம்பு சரியில்லை' என்று ஐந்து நாள் லீவு போட்டது இதனால்தான். வேறு வழி எதுவும் விட்டுவைக்கப்படவில்லை.

2023 ஆகஸ்டில் நாக்பூர் விமான நிலையத்தில், விமானம் ஏறப்போகும் வாசலில், இண்டிகோ கேப்டன் ஒருவர் சரிந்து விழுந்து இறந்தார். வயது நாற்பது. முந்தைய நாள் அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணி வரை திருவனந்தபுரம், புனே, நாக்பூர் என்று பறந்தவர். அதற்குப் பிறகு 27 மணி நேர ஓய்வு கொடுக்கப்பட்டதாகக் கம்பெனி தெரிவித்தது. களைப்புதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கவும் முடியாது. ஆனால் விமானிகளின் ரோஸ்டர் மறுபடி செய்தியானது.

2024 ஜனவரி 8-ல் டி.ஜி.சி.ஏ. மறுபடி விதிமுறையைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. 'இரவு' என்பது நள்ளிரவு முதல் காலை 5 வரை என்று இருந்தது 6 வரை ஆனது. இரவுப் பணியில் தரையிறக்கம் ஆறு வரை போகலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. இரவைத் தொடும் வேலைக்கு 8 மணி நேரப் பறப்பு, 10 மணி நேரப் பணி என்று உச்சவரம்பு. அந்த 5, 6 மாற்றத்தைப் பார்த்தால் சின்ன விஷயமாகத் தெரியும். மங்களூர் விமானம் இறங்கிய நேரத்தை ஞாபகப்படுத்திக்கொண்டால் அந்த ஒரு மணி நேரம் எதற்கென்று புரியும். பதினான்கு வருஷம் கழித்து விதிமுறை கடைசியில் ராத்திரியை எண்ண ஆரம்பித்தது.

ஜூன் 1 முதல் அமல் என்றார்கள். மார்ச் 22 அன்று பணி நேர விதிகளை மீறியதற்காக ஏர் இந்தியாவுக்கு 80 லட்சம் ரூபாய் அபராதம் போட்ட டி.ஜி.சி.ஏ., நாலு நாள் கழித்து, மார்ச் 26-ல், புதிய விதிமுறையையே தள்ளி வைத்தது! 2008 அப்படியே திரும்பி வந்தது போல. இந்த முறையும் சங்கங்கள் நீதிமன்றம் போயின. ஆனால் டெல்லி உயர் நீதிமன்றத்தில் முடிவு வேறு மாதிரி. 22 அம்சங்களில் 15-ஐ 2025 ஜூலை 1 முதலும், மீதியை நவம்பர் 1 முதலும் அமல்படுத்துவதாக டி.ஜி.சி.ஏ. ஒப்புக்கொண்டது. இதற்கு நடுவே 2025 ஜூனில், விமானிகளை ஒதுக்கும் பணியில் தொடர்ந்து விதிமீறல் நடந்ததாகச் சொல்லி, ஏர் இந்தியாவின் மூன்று அதிகாரிகளை ரோஸ்டர் பொறுப்பிலிருந்து நீக்கச் சொன்னதும் அதே டி.ஜி.சி.ஏ.தான்.

நவம்பர் 1 வந்தது. இரவு சம்பந்தப்பட்ட கடுமையான விதிகள் எல்லாம் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் இருந்தன. நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச்செல்லும் இண்டிகோ, விதி வரப்போவது இரண்டு வருடமாகத் தெரிந்தும், போதுமான விமானிகளைச் சேர்க்கவில்லை. டிசம்பர் 2-லிருந்து விமானங்கள் சரியத் தொடங்கின. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்து. திட்டமிடலில் தவறு நடந்துவிட்டதென்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. அரசிடம் அது கொடுத்த கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தேவை 2,422 கேப்டன்கள், கையில் இருந்தது 2,357. குறை வெறும் 65! துணை விமானிகள் தேவைக்கு மேலேயே இருந்தார்கள். ஒரு ஆளுக்குக்கூட மிச்சம் வைக்காமல் பின்னிய ரோஸ்டரில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் எல்லாம் அவிழும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். டபுள் டிரைவர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற கணக்கு, ஏசி அறையில் கம்ப்யூட்டர் வைத்துப் போட்டாலும் அதே கணக்குதான்.

அன்றே டி.ஜி.சி.ஏ. இரண்டு காரியம் செய்தது. இண்டிகோவின் ஏ320 வகை விமானங்களுக்கு இரவு விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தது. இன்னொன்று, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது: விமானி எடுக்கும் லீவை அவருடைய வார ஓய்வாகக் கணக்குக் காட்டக்கூடாது என்று இருந்த ஒரு வரியைத் திரும்பப் பெற்றது. விமானிகள் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. சில நாள் கழித்து இண்டிகோவின் அட்டவணையை 10 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு வைத்தார்கள், பயணிகளுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. டிவிக்காரர்கள் விமான நிலையத்திலிருந்து வேறு செய்திக்குப் போனார்கள். சொந்தக் கல்யாணத்துக்கு எடுத்த லீவும் வார ஓய்வும் ஒன்றா என்ற கேள்வி விமானிகளோடு நின்றுவிட்டது.